ஓம் சொல்லக் கூடாத அறை

சென்னையில் இறங்கிய அன்றைக்கே ஓட்டோக்காரர் எங்களைக் கடற்கரை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. "பீச் ரோடு வழியா போலாமா சார்?" என்று கேட்டார். என்ட மனிசன் "ஓம்" என்றார். "கொஞ்சம் சுத்துதான், பரவாயில்லையா?" "ஓம்." "அப்படியே லைட் ஹவுஸையும் பாத்துட்டுப் போயிடலாமா?" "ஓம், ஓம்." பக்கத்தில் இருந்து நான் தொடையில் கிள்ளியது அவருக்கு உறைக்கவே இல்லை. லொட்ஜுக்குப் போகவேண்டிய நாங்கள், உடுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் இலங்கைப் பக்கத்தில் ஓம் என்றால் ஆம். அது இந்தியாக்காரருக்கும் இப்போது கொஞ்சம் தெரியும். ஆனால் ஆதம்பாவா என்கிற என்ட மனிசனுடைய ஓம் வேறு சாதி. அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீ கதைக்கிறது என்ட காதில் விழுகுது, அவ்வளவுதான். ஒருவர் வாயைத் திறந்தால் மறுமொழி சொல்லாமல் இருப்பது அவருக்குப் பெரிய மரியாதைக்குறைவு. தூக்கத்தில் கூப்பிட்டாலும் ஓம் வரும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள், எத்தனையோ வகுப்புகளை வாய்பொத்தி இருக்கவைத்தவள். இந்த ஒரு மனிசனை மட்டும் என்னால் ஏலாமல் போயிற்று.

அவருடைய வேலையும் அப்படி. சவளக்கடை வட்டையில் எங்களுக்கு வயல் இருக்கிறது. அந்தக் கண்டத்துக்கு அவர்தான் வட்டவிதானை. வாய்க்கால் தண்ணியை ஆருக்கு முந்தி, ஆருக்குப் பிந்தி என்று பங்கிட்டுக் கொடுக்க விவசாயிகள் சேர்ந்து தெரிந்தெடுத்த ஆள். சிறுபோக வேளாண்மை தொடங்கினால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. சுபஹுத் தொழுகைக்கு எழும்ப முந்தியே தொடங்கிவிடும். "விதானையார், தண்ணி எப்ப வரும்?" "ஓம், தண்ணி வரும்." சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்தால், "விதானையார், தண்ணி எப்ப வரும்?" "ஓம், தண்ணி வரும்." வந்ததோ வரவில்லையோ, கேட்டவர் நிம்மதியாகப் போவார்.

அந்த மனிசனுக்குத்தான் இப்படி ஒரு சோதனை வந்தது. போன நோன்புக்குப் பிறகு விலாவில் ஒரு நோவு. ஸ்கேன் பண்ணிப் பார்த்த டொக்டர், "இவருக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான்" என்று ஒரு குண்டைப் போட்டார். அது நெஞ்சுக்குள் இறங்க முந்தி அடுத்தது: அந்த ஒன்றிலும் ஒரு கட்டி. மருந்து ஏற்றி எடுக்கிற படம் இருக்கிற ஒரு கிட்னிக்கு ஆகாதாம். ஆனபடியால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கொழும்பில் இரண்டு தரம் எடுத்தார்கள், இரண்டு படமும் கலங்கிப் போயிற்று. கட்டி கிட்னியின் ஓரத்தில் நிற்கிறதா, இல்லை நடுவில் பெரிய ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று ஆராலும் சொல்ல முடியவில்லை. ஓரத்தில் என்றால் கட்டியை மட்டும் சீவி எடுக்கலாம். நடுவில் என்றால் கிட்னியோடு எடுக்க வேண்டும். எடுத்தால் மறுகா, அதன் பிறகு, கிழமைக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கிற மிசின்தான் வாழ்க்கை.

"மிசினில கிடந்தா வட்டைக்கு ஆர் போற?" என்று கேட்டார். அவருடைய கவலை அது. என்ட கவலையை நான் சொல்லவில்லை. காப்பை அடகு வைத்துக் கொஞ்சம், நெல்லை விற்றுக் கொஞ்சம் என்று சென்னைக்கு ஆயத்தமானோம்.

வெளிக்கிட்ட அன்று கல்முனைக்குடியில் எங்கள் வாசல் நிறைய ஆள். ஆர் ஆரோ எருமைத்தயிர்ச் சட்டி கொண்டுவந்து வைத்தார்கள், பிளேனில் தயிர்ச் சட்டி கொண்டுபோக ஏலுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பள்ளிவாசல் ஹஸரத் துஆ ஓதினார். எங்களோடு வயல் செய்கிற பாண்டிருப்பு ஊர்த் தங்கராசா தன்ட பங்குக்கு அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னான். அவனிடம்தான் மனிசன் வாய்க்கால் பொறுப்பை ஒப்படைத்தார். "விதானையார், நீங்க போன பிறகு தண்ணி பிந்திச்செண்டா என்ன செய்யிற?" என்று அவன் கேட்க, "ஓம், தண்ணி வரும்" என்று சொல்லி இவர் வேனில் ஏறினார்.

ஓட்டோவுக்கு வருகிறேன். கடலைக் கண்டதும் மனிசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது எங்கட கடல்தானே புள்ள. இந்தக் கரையால தெற்கப் புடிச்சி வந்தா எங்கட வீட்டுக் கோடிதான்." அதைக் கேட்ட ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "சிலோனா சார்? சுனாமில எங்க அக்காவ இதே கரைலதான் குடுத்தோம்" என்றார். அதற்கு இவர் ஓம் சொல்லவில்லை. கையை நீட்டி அவருடைய தோளில் வைத்தார். எங்கள் தெருவிலும் கொடுக்காத வீடு இல்லை. அதற்குப் பிறகு ஓட்டோக்காரர் எங்களைச் சுற்றிக் காட்டாமல் நேரே கொண்டுவந்து இறக்கி, பெட்டியை இரண்டாம் மாடி வரைக்கும் தூக்கித் தந்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். சுவரில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு இவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "புட்டு இரிக்கி புள்ள!" தேங்காய்ப்பூப் போட்டு அவித்த பிட்டும் மீன் ஆணமும் வரும் என்று கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார். வந்தது உதிர்த்து வறுத்த சுறா. பரிமாறியவர், "நீங்கதான சார் சுறா புட்டு கேட்டீங்க?" என்றார். நான் சண்டைக்கு ஆயத்தமாகும்போது இவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "அடியே, இது எங்கட சுறா வறை!" மெஸ்காரரைக் கூப்பிட்டு, புட்டு என்று நாங்கள் சொல்வது எது, வறை என்று சொல்வது எது என்று ஒரு பாடம் எடுத்தார். மெஸ்காரரும் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனார். மாசிக் கருவாட்டுத் தூள் இல்லாத குறையைத் தவிர வேறு குறை இல்லை. டீ மட்டும் எங்கள் பிளேன்டிக்குக் கிட்டவும் வராது. பாலும் சீனியும் போட்டுப் பாயாசமாக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் ஆசுபத்திரி. டொக்டர் நிதானமான மனிசர், நரை விழுந்த மீசை. எங்கள் நாட்டுப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல கிட்னிக்கு மூணு ஓரம் தெரியுது. எது நிஜம்னு எனக்குத் தெரியல" என்றார். "ஓம் டொக்டர்" என்றார் இவர். "இங்க ஒருதரம் எடுத்துப் பாப்போம். அதுவும் இப்படியே வந்தா, திறந்து பாத்துதான் முடிவு பண்ணணும். திறந்த பிறகு ரத்தக்குழாய் பக்கத்துல சந்தேகம் வந்தா, உயிரைத்தான் முதல்ல பாப்பேன். கிட்னிய எடுத்துடுவேன். புரியுதா?" "ஓம் டொக்டர்." எனக்கு விளங்கியது. அவருக்கு விளங்கியதோ என்று திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எம்.ஆர்.ஐ. பகுதியில் படம் எடுக்கிற பிள்ளைக்குப் பெயர் கௌரி. என்ட மூத்த மகளுடைய வயது இருக்கும், கண்ணாடி போட்ட சுறுசுறுப்பான பிள்ளை. "மச்சான், மோதிரத்தைக் கழட்டித் தாங்க" என்று நான் இவரிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பேஷண்ட் உங்களுக்கு மச்சான் முறையாம்மா? கூட அவங்க வைஃப் வரலையா?" என்றது. "மச்சானும் இவர்தான், புருசனும் இவர்தான். எங்கட ஊரில புருசனை மச்சான் எண்டுதான் கூப்பிடுற" என்றேன். அது சிரித்துக்கொண்டே இவரை உள்ளே கூட்டிப் போயிற்று. நான் வெளிக் கதிரையில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கௌரியின் முகத்தில் குழப்பம்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஐயா முஸ்லிம்தானே?"

"ஓம்" என்றேன்.

"அதேதாம்மா! உள்ள அவரும் ஓம் ஓம்னுதான் சொல்லிட்டே இருக்கார். நான் மைக்ல மூச்சை இழுங்கன்னு சொன்னா ஓம்ங்கிறார். அப்படியே அடக்கி வைங்கன்னா ஓம்ங்கிறார். ஏதாச்சும் தியானமா?"

எனக்கு வந்த சிரிப்பு! மடியில் இருந்த பை கீழே விழுந்து தோடம்பழம் எல்லாம் உருண்டோடிற்று. பக்கத்தில் இருந்த அம்மா பொறுக்கித் தந்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளையும் சிரித்தது. சிரித்துவிட்டு, "வாங்க, காட்டுறேன்" என்று கணினிக்கு முன்னால் கூட்டிப் போயிற்று.

திரையைப் பார்த்ததும் சிரிப்பு செத்துவிட்டது. கொழும்பில் எடுத்த அதே படம்தான். கிட்னி இருக்கவேண்டிய இடத்தில் நிழலுக்கு மேல் நிழல். பிறந்தநாள் வீட்டில் துள்ளுகிற பேரப்பிள்ளையைப் பிடித்த போட்டோ இப்படித்தான் இருக்கும், கையும் முகமும் இழுபட்டு. "மூச்சு இழுக்கும்போது கிட்னி கீழ இறங்கும்மா, விடும்போது மேல ஏறும். அது அசையாம இருக்கத்தான் மூச்சை அடக்கச் சொல்றது. ஐயா ஓம்னு வாயைத் திறந்தா அடக்கின மூச்சு அத்தனையும் வெளிய போயிடுது" என்று கௌரி சொன்னது. கொழும்பில் சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள். இவர் அதற்கும் சரி என்கிறதைச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று மறுமொழி சொல்லியிருப்பார், வேறென்ன. மிசினில் பிழை, கரண்டில் பிழை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கௌரி மைக்கில், "ஐயா, பதில் சொல்ல வேணாம், சொன்னதை மட்டும் செய்யுங்க" என்றது. "ஓம்" என்று குரல் வந்தது. மறுகா அவர் ஓம் சொல்லவில்லைதான். சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தலை ஆட, தோள் ஆட, வயிறும் ஆடிற்று. தலையையும் ஆட்டாமல் மூச்சைப் பிடித்தபோது இருமல் வந்தது. வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் என்று அவரை வெளியே விட்டார்கள்.

"உங்களுக்கு விசரா? அந்தப் புள்ள பேசாம கிடங்க எண்டு சொல்லுது, நீங்க ஓம் ஓம் எண்டு கச்சேரி வைக்கிறீங்க!" ஆசுபத்திரி நடைபாதையில் நின்றே ஏசினேன். "புள்ள, அது எவ்வளவு அன்பாக் கேக்குது. மறுமொழி சொல்லாம மரம் மாதிரிக் கிடந்தா அது என்ன நினைக்கும்?" என்றார். இவரை என்ன செய்வது?

கௌரி நல்ல பிள்ளை. பின்னாலேயே வந்து, வேறு வழி ஒன்று இருப்பதாகச் சொன்னது. மூச்சை அடக்கத் தேவையில்லை. வயிற்றில் ஒரு பட்டி கட்டுவார்கள். வயிறு ஏறி இறங்குவதை மிசின் அதைக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். மூச்சு வெளியே போய், அடுத்த மூச்சு வர முந்தி, வயிறு ஓய்ந்து கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் மட்டும் படம் எடுக்கும். மற்ற நேரம் காத்திருக்கும். "ஆனா ரொம்ப நேரம் ஆகும்யா. மூச்சு ஒரே சீரா இருக்கணும். பேசினா போச்சு. நாளைக்கு மறுநாள் உங்களுக்கு நேரம் வாங்கித் தரேன்."

மனிசனுடைய முகம் தெளிந்தது. "அப்ப இது முறைத்தண்ணி! மதகு எந்த நாளும் திறந்து கிடக்கிறல்ல. முறை வாற நேரம் திறக்கும், மற்ற நேரம் பூட்டித்தான் கிடக்கும். என்ன மகள், சரிதானே?" கௌரிக்கு முறைத்தண்ணியும் தெரியாது, மதகும் தெரியாது. "ஆமாங்கய்யா" என்று தலையை ஆட்டி வைத்தது.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போய் வந்தவர், தொழுகைக்குப் பிறகு பக்கத்தில் இருந்தவரோடு உளுந்துவடையும் சட்னியும் சாப்பிட்டதாகச் சொன்னார். என்ன கதைத்தீர்கள் என்றேன். "அவர் உருதில கதைச்சார். எனக்கு விளங்கல்ல. ஓம் எண்டு சொல்லிட்டிருந்தன்." அந்த உருதுக்காரர் என்ன கேட்டாரோ, இவர் எதற்கெல்லாம் சம்மதித்து வந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

பின்னேரம் லொட்ஜில் பாடம் நடத்தினேன். கட்டிலில் மல்லாத்திப் போட்டு, வயிற்றில் என்ட முந்தானையைச் சுற்றிக் கட்டினேன். "நான் கதைப்பேன். நீங்க மறுமொழி சொல்லக் கூடா." "ஓம்." தலையணையால் ஒரு அடி போட்டேன். "மூச்சை மெல்ல விடுங்க." "ஓம்." இன்னொரு அடி. நடுவில் போன் அடித்தது. தங்கராசா. "அக்கா, விதானையார் எப்பிடி? மதகு இன்னும் திறக்கல்ல. பயிர் மஞ்சளடிக்கத் தொடங்கிட்டு. தண்ணி எப்ப வருமாம் எண்டு ஒருக்காக் கேளுங்களன்." நான் போனைக் கொடுக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே இவர் பலத்துச் சொன்னார்: "ஓம், தண்ணி வரும்!"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "உங்களுக்கு இது விளையாட்டா? ஒண்டே ஒண்டுதான் இரிக்கி. அதையும் எடுத்துப் போட்டா நான் என்ன செய்யிற?" என்று கத்திவிட்டு அழுதேன். மனிசன் எழும்பி இருந்தார். பிறகு, தன்ட கையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"புள்ள, அந்தக் குழாய்க்குள்ள போனா கபுறுக் குழிக்குள்ள வெச்ச மாதிரிக் கிடக்கு. மேலயும் சுவர், பக்கத்திலயும் சுவர். அதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டா, ஆரோ ஒரு ஆள் இரிக்கி எண்டு மனசு சொல்லுது. அந்த ஆள் போயிரக் கூடா எண்டுதான் மறுமொழி சொல்ற. வேணுமெண்டு சொல்றல்ல."

இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. மரியாதை என்று அவர் சொன்னார், பழக்கம் என்று நான் நினைத்தேன். மனிசனுக்குப் பயம். வயலில் பாம்பைக் கையால் தூக்கி எறிகிற மனிசனுக்கு, தனியாகக் கிடக்கப் பயம். முந்தானையை அவிழ்த்து அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டேன். கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். பாயாசம் என்று நான் சொன்ன அந்த டீயை அன்று இரண்டு பேரும் ஆசையாகக் குடித்தோம்.

மறுநாள் காலை கௌரியைக் கண்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நானும் உள்ளுக்கு வரலாமா?" என்பதுதான். உடம்பில் இரும்பு ஒன்றும் இல்லையென்றால் வரலாம் என்றது. தோடு, மணிக்கூடு எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். இருந்தும் கௌரி கையில் வைத்திருந்த கருவி என்ட தலைக்குக் கிட்ட வந்ததும் கீ என்றது. முக்காட்டுக்குக் குத்திய ஊசி! அதையும் எடுத்துவிட்டுத் துணியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இவருக்குக் குடல் நெளியாமல் இருக்க ஒரு ஊசி போட்டார்கள். காலையிலிருந்து சாப்பிடக் கூடாது என்றதற்கு, "நோன்பெண்டு நிய்யத்து வெச்சாச் சரி" என்றார்.

முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்து, வயிற்றில் பட்டி கட்டி, இவரை உள்ளே தள்ளினார்கள். வெளியே தெரிந்தது இரண்டு பாதம் மட்டும். வெடித்த குதிக்கால், வயல் சேறு ஊறிக் கறுத்த நகம். கௌரி என்னிடம் சொன்னது: "அம்மா, நான் மைக்ல ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா ஐயா பதில் சொல்லிடுவார். நீங்களும் பேசக் கூடாது. கால் விரலைப் பிடிச்சுக்கோங்க. விரல் அசைஞ்சா பரவாயில்ல, வயிறு அசையக் கூடாது. தூங்கவும் விடாதீங்க, தூங்கினா மூச்சு மாறிடும்."

நான் அவருடைய பெருவிரலைப் பிடித்தேன். ஒருக்கா அமத்தினேன், நான் இரிக்கன் என்று. விரல் ஒருக்கா மடங்கிற்று. ஓம்!

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயால் சொல்லக் கூடாது, தலையால் சொல்லக் கூடாது என்றதும் மனிசன் ஓமைக் காலுக்கு இறக்கிவிட்டார்.

மிசின் தொடங்கியது. காதில் பஞ்சு வைத்தும் அரிசி மில்லுக்குள் நிற்கிற மாதிரிச் சத்தம். கொஞ்ச நேரம் போக எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. அந்தச் சத்தம் விட்டு விட்டுத்தான் வந்தது. அவர் மூச்சை இழுக்கும்போது மிசின் வாய்மூடிக் காத்திருந்தது. மூச்சு வெளியே போய் ஓய்ந்ததும் டட் டட் டட் என்றது. மறுகா காத்திருந்தது. ஊருக்கெல்லாம் மறுமொழி சொன்ன மனிசனுக்கு அன்று ஒரு மிசின் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே நான் கணித்தேன். நடுவில் சத்தம் தாறுமாறாகிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌரி கையை ஆட்டியது. ஆள் நித்திரை! விரலைக் கிள்ளினேன். விரல் மடங்கிற்று. சத்தம் திரும்ப ஒழுங்குக்கு வந்தது. நான் அமத்த, அவர் மடக்க, மிசின் சத்தம் போட, இப்படியே போயிற்று. அவரோடு அவ்வளவு நேரம் நான் கதையில்லாமல் இருந்ததே இல்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

முடிந்து வெளியே இழுத்ததும் அவர் கேட்டது, "இப்ப கதைக்கலாமா?" என்றுதான். "கதைங்கய்யா, எவ்வளவு வேணும்னாலும் கதைங்க" என்றது கௌரி. இரண்டு நாளில் அந்தப் பிள்ளைக்கும் கதை தொற்றிவிட்டது. திரையைக் காட்டிற்று. அவரைக்காயை வளைத்து வைத்த மாதிரி ஒரு கிட்னி. ஒரே ஒரு ஓரம். கீழ் நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு உருண்டை. உருண்டைக்கும் கிட்னிக்கும் நடுவில் வரம்பு கட்டிய மாதிரி ஒரு கோடு தெளிவாக ஓடிற்று. எனக்கு வைத்தியம் தெரியாது. இருந்தாலும் அந்தக் கோட்டைக் கண்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தன்பாட்டில் சொன்னது.

டொக்டரும் அந்தக் கோட்டில்தான் விரலை வைத்தார். "ரத்தக்குழாய் இங்க, கட்டி அங்க. தூரமாத்தான் இருக்கு. இதை மட்டும் எடுத்துடலாம்." பிறகு இவரை நேராகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. கட்டிய எடுக்கும்போது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம். திரும்ப விட்ட பிறகு அது முழிச்சு வேலை செய்யணும். உங்களுக்கு இன்னொண்ணு இல்ல. தண்ணி வரணும், யூரின் இறங்கணும். அதுவரைக்கும் நானும் நிம்மதியா இருக்க மாட்டேன். சம்மதமா?"

இவர் வாயைத் திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லலாமா என்று கண்ணால் கேட்கிறார்! "இப்ப சொல்லுங்க மச்சான்" என்றேன். "ஓம்" என்றார். அது மட்டும் சம்மதத்துக்குச் சொன்ன ஓம்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று மழை. வீதியில் தண்ணீர் நிறைந்தால் சென்னை ஓட்டோவை நம்ப ஏலாது. பாதி வழியில் இயந்திரம் நின்று, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணிக்குள் நடந்து போய்ச் சேர்ந்தேன். அவரை அதற்கு முந்தியே உள்ளே கொண்டு போயிருந்தார்கள். ஈரச் சீலையோடு கதிரையில் இருந்து யாசீன் ஓதினேன். மெஸ்காரர் எப்படியோ அறிந்து, ஒரு பார்சலில் சுறா புட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். அதைத் திறக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன், சூடாக இருந்தது.

டொக்டர் வெளியே வந்தார். "கட்டிய மட்டும் எடுத்தாச்சும்மா. கிட்னி அங்கயேதான் இருக்கு. இனி தண்ணி வரணும்" என்றார். தண்ணி எப்ப வரும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ட வாயில் வந்த கேள்வி எது என்று எனக்கே உறைத்தது. அவர், "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். மனிசன் கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கில் குழாய், கையில் குழாய், கட்டிலின் ஓரத்தில் தொங்குகிற பைக்கு ஒரு குழாய். பை வெறுமையாகக் கிடந்தது. நர்ஸ் தோளைத் தட்டி, "ஆதம்பாவா! சார்! கேக்குதா?" என்றா. மறுமொழி இல்லை. இன்னும் பலத்துக் கூப்பிட்டா. இல்லை. கூப்பிட்டால் ஓம் என்னாத ஆதம்பாவாவை நான் அதற்கு முந்தி கண்டதில்லை. யா அல்லாஹ், இந்த மனிசனை எத்தனை தரம் வாயைப் பொத்தச் சொன்னேன். இப்ப ஒருக்காச் சொல்லட்டும். ஒருக்காச் சொன்னாப் போதும்.

நான் கால்மாட்டுக்குப் போனேன். போர்வையை விலக்கிப் பெருவிரலைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. அமத்தினேன். ஒன்றும் இல்லை. திரும்ப அமத்தினேன், கொஞ்சம் பலமாக. "மச்சான், நான் இரிக்கன்" என்றேன்.

விரல் மடங்கிற்று.

உதடும் அசைந்தது. நர்ஸ் குனிந்து காதை வைத்தா. எனக்குக் கால்மாட்டிலேயே கேட்டது. "ஓம்... தண்ணி வரும்."

"என்னம்மா சொல்றார்? தண்ணி வேணுமா?" என்று நர்ஸ் கேட்டா. நான் பையைக் காட்டினேன். அவ குனிந்து குழாயை நேராக்கிவிட்டு, பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா. அடியில் மஞ்சளாக ஒரு கை அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் இன்னும் இறங்கிற்று.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். போன் அடித்தது. தங்கராசா. அவன் வாயைத் திறக்க முந்தி நான் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன்: "தண்ணி வந்திட்டு தம்பி. தண்ணி வந்திட்டு."

அவன் பதைபதைத்துக் கேட்டான்:

"எந்த வாய்க்காலிலக்கா?"